மலாய் மணவீடும் நம் மணவீடும்

ரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு ஆண்டில் இரண்டு பருவங்களில் மேசை நிரம்பிவிடும். ஒன்று, பள்ளிக்கூடங்கள் திறக்கும் காலம். மற்றொன்று, கலியாண மாதங்களுக்கு முந்திய காலம். மூத்த ஊழியர்கள் தங்கள் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பம் கொண்டு வருவார்கள். ‘எக்காரணத்தை முன்னிட்டு’ என்னும் கட்டத்தில் ‘மகள் திருமணம்’ என்று எழுதியிருக்கும். இரண்டே சொற்கள். அவற்றின் பின்னே இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் இரவுப் பணியும் மழைப் பணியும் அடங்கிக் கிடப்பதை விண்ணப்பத்தின் வேறெந்தக் கட்டமும் கேட்பதில்லை.

2004ஆம் ஆண்டு முதல் பணியில் சேர்ந்த நம் போன்றோர்க்கு அந்தப் பழைய சேமநிதி கிடையாது. கூட்டுறவுக் கடன் சங்கத்தின் படிவமே புகலிடம். உடன் பணிபுரிவோர் இருவர் ஜாமீன் கையெழுத்திட வேண்டும். அத்தகைய படிவம் ஒன்று சில மாதங்களாக நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பெயர், பதவி, ஊதியம் எல்லாம் நிரப்பியாயிற்று. தொகை என்னும் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. வரும் தை மாதத்தில் நம் தங்கைக்குத் திருமணம். பிள்ளை வீட்டார் நல்லவர்கள். ‘நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணைப் பெற்ற நேயர்கள் இவ்வாசகத்தின் எடையை அறிவார்கள். ஒன்றும் கேளாதவர்க்கு எவ்வளவு செய்வது என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை தெரியாமல்தான் அந்தக் கட்டம் வெறுமையாக நின்றது.

இந்நிலையில் மலேசியாவுக்குச் சென்றுவரும் வாய்ப்பொன்று நேர்ந்தது. நம் பாட்டனாரின் தமையனார் மலாயா ரயில்வேயில் வேலைக்குச் சென்று, பேராக் மாநிலத்தில் தைப்பிங் என்னும் ஊரில் நிலைத்துவிட்டவர். அவருடைய மகன் நமக்குப் பெரியப்பா முறை. அவருக்கு எண்பது ஆண்டு நிறைந்ததை ஒட்டி, அவர் பிள்ளைகள் நமக்கும் நம் அன்னையாருக்கும் பயணச்சீட்டு எடுத்து அனுப்பினார்கள். தைப்பிங் நம்மைப் போன்ற ரயில்வேக்காரர்கள் காண வேண்டிய ஊர். மலாய் நாட்டின் முதல் இருப்புப்பாதை, ஈயம் ஏற்றிச் செல்வதற்காக, அவ்வூரிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. நம் பெங்களூர்த் தண்டிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1864இல். ஜோலார்பேட்டைப் பாதை எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை இவ்வூருக்குக் கொண்டுவந்தது. கடலுக்கு அப்பாலிருந்த பாதைகள் வேறு பல தமிழ்க் குடும்பங்களை அங்கே இழுத்துக்கொண்டன.

பெரியப்பாவின் வீட்டுக்குப் பின்புறம் ஒரு ‘கம்பம்’ இருக்கிறது. மலாய்க் கிராமத்திற்கு அங்குள்ள தமிழர் வழங்கும் பெயர் அது. நாம் சென்ற வாரத்தில் அக்கம்பத்தில் ஒரு திருமணம். பெரியப்பாவின் குடும்பத்தார்க்கு முதல் அழைப்பு. அவர்களுடைய விருந்தினர் என்பதால் நமக்கும் அழைப்பு. நாம் கண்டதையும், அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம். வேடிக்கைக்காக மட்டும் எழுதவில்லை. இழுப்பறையில் கிடக்கும் படிவத்தை நினைத்துக்கொண்டே எழுதுகிறோம்.

பாக்கில் பிறந்த சொல்

மலாய் மக்கள் இஸ்லாமியர்கள். எனினும், அவர்களுடைய மணவினையில் சமயம் விதித்த பகுதி வேறு. நாட்டு வழக்கமாக வந்த பகுதி வேறு. வழக்கத்தை அவர்கள் ‘ஆடாட்’ என்கிறார்கள். முதற்படி ‘மெரிசிக்’. ரகசியமாக விசாரித்தல் என்பது பொருள். பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சிலர், வெறுமனே வந்தவர்கள் போலப் பெண் வீட்டுக்குச் செல்வார்கள். பெண்ணைப் பற்றி நேராகக் கேட்க மாட்டார்கள். உங்கள் தோட்டத்தில் ஒரு மலர் மலர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதற்கு உரியவர் எவரேனும் உண்டோ என்பது போல உவமையாகக் கேட்பார்கள். அதே உவமையிலேயே விடை வரும். இல்லை என்று சொல்ல நேர்ந்தாலும் எவர் மனமும் புண்படாது. மலரைப் பற்றித்தானே பேச்சு!

இசைவு கிடைத்தபின் முறையாகப் பெண் கேட்பதற்கு ‘மெமினாங்’ என்று பெயர். ‘பினாங்’ என்றால் பாக்கு. பினாங்குத் தீவுக்கு அப்பெயர் வந்ததும் பாக்கு மரத்தால்தான். ஆகவே, பெண் கேட்டல் என்பதற்கு மலாய் மொழியில் உள்ள சொல்லே பாக்கிலிருந்து பிறந்தது. பித்தளையாலோ மரத்தாலோ செய்த ஒரு வெற்றிலைப் பெட்டியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி முதலியவற்றை ஒழுங்காக அடுக்கி முன்னே வைத்தபின்தான் பேச்சுத் தொடங்கும். நாம் ‘நிச்சய தாம்பூலம்’ என்கிறோம். ‘பாக்கு மாற்றினோம்’ என்கிறோம். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வெற்றிலை பாக்கே சாட்சி.

சொற்களிலும் இவ்வுறவு தெரிகிறது. மணமக்களை மலாய் மொழியில் ‘மெம்பெலாய்’ என்பார்கள். நம் ‘மாப்பிள்ளை’ என்னும் சொல்லே கப்பலேறிச் சென்று அவ்வாறு ஆயிற்று என்பது மொழி வல்லார் கூற்று. அங்கே அது மணமகனை மட்டுமன்றி மணமகளையும் குறிக்கும். மணவறையின் திரைக்கு ‘தீராய்’, கட்டிலுக்கு ‘காத்தில்’, பெட்டிக்கு ‘பெத்தி’. கப்பலுக்கு அவர்கள் மொழியில் ‘காப்பால்’ என்றே பெயர். வணிகம் செய்யப் போன நம் முன்னோர் பண்டங்களோடு சொற்களையும் இறக்கிவிட்டு வந்தார்கள்.

வாய்விட்டுச் சொல்லும் கணக்கு

மலாய் நிச்சயதார்த்தத்தில் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது ஒன்று உண்டு. எதையும் மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், இரு வீட்டார் முன்னிலையிலும் வாய்விட்டுப் பேசி முடித்துவிடுகிறார்கள். திருமண நாள் எது, தட்டுகள் எத்தனை, பணம் எவ்வளவு என்பன அன்றே தீர்மானமாகும். நிச்சயம் முறிந்தால் என்ன செய்வது என்பதையுங்கூடப் பழைய வழக்கம் சொல்லி வைத்திருக்கிறது. பிள்ளை வீட்டார் முறித்தால், கொடுத்த மோதிரத்தையும் பரிசுகளையும் திரும்பக் கேட்கக் கூடாது. பெண் வீட்டார் முறித்தால், பெற்றதை இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும்.

பணத்தில் இரு வகை உண்டு. ஒன்று ‘மாஸ் காவின்’; இஸ்லாமிய நெறிப்படி மணமகன் மணமகளுக்குக் கட்டாயம் தர வேண்டிய மஹர். இது பெண்ணுக்கே உரியது; அவள் தந்தைக்கும் இதில் பங்கில்லை. மலேசிய மாநிலங்கள் இதற்குத் தத்தம் அளவில் தொகை வகுத்திருக்கின்றன. ஜொகூர் மாநிலத்தில் நெடுங்காலம் வழங்கிய தொகை 22 வெள்ளி 50 காசு. ஏழையும் தரக்கூடிய தொகையாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். மற்றொன்று ‘ஹந்தாரான்’ பணம். இது சமயம் விதித்ததன்று; வழக்கத்தால் வந்தது. விருந்துச் செலவுக்கென மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குத் தருவது. இதனோடு தட்டுகளும் வரும்: துணி, செருப்பு, பழம், இனிப்பு, வாசனைப் பொருள், திருமறை நூல் முதலியன. தட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும். பிள்ளை வீட்டார் ஏழு கொண்டுவந்தால் பெண் வீட்டார் ஒன்பது திருப்பித் தருவார்கள். பெற்றதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவது அவர்களுடைய பெருமிதம்.

இதைக் கேட்ட நம் அன்னையார், ‘இது நம் பரிசம் போடுவதுதானே!’ என்றார்கள். உண்மைதான். பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்டு அழைத்துச் செல்வதே நம்மில் பல குடிகளின் பழைய வழக்கம். படிப்பும் மாதச் சம்பளமும் வந்த பின்னர்ப் பணம் செல்லும் திசை மாறிவிட்டது. வரதட்சிணைத் தடுப்புச் சட்டம் 1961ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தபின் கேட்பது குறைந்தது, எதிர்பார்ப்பது குறையவில்லை. முன்பு வாய்விட்டுக் கேட்டார்கள், இன்று வாய்திறவாமல் கேட்கிறார்கள் என்பதே வேறுபாடு.

மருதாணி இரவுகள்

திருமணத்துக்கு முந்திய இரவுகள் மருதாணிக்கு உரியவை. மருதாணியை ‘இனாய்’ என்றும் அதை இடும் சடங்கைப் ‘பெரினாய்’ என்றும் கூறுவர். பழைய முறைப்படி மூன்று இரவுகள். முதல் இரவு ‘திருட்டு மருதாணி’. தோழியர் மட்டும் கூடி, பிறர் அறியாதது போல மணமகளின் விரல் நுனிகளில் இடுவார்கள். அடுத்தது நெருங்கிய உறவினருக்குள் நடக்கும் சிறிய மருதாணி. அதற்கடுத்தது, விருந்தினர் சூழ நடக்கும் பெரிய மருதாணி. மணமகளுக்கு ஒப்பனை செய்யும் மூத்த பெண்மணியை ‘மா அண்டாம்’ என்பர். நெற்றியோர மயிரைத் திருத்துவது முதல் மேடையில் எவ்வாறு அமர வேண்டும் என்று கற்பிப்பது வரை அனைத்தும் அவர் பொறுப்பு.

மருதாணி இரவில் ‘தெப்போங் தாவார்’ என்னும் வாழ்த்துச் சடங்கு நடைபெறும். மணமக்கள் கைகளைத் தலையணைமேல் வைத்து அமர்ந்திருப்பார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, அரிசி மாவு கரைத்த நீரை இலைக்கொத்தால் தொட்டுத் தெளித்து, மஞ்சள் அரிசியும் நெற்பொரியும் தூவி, உள்ளங்கையில் சிறிது மருதாணி இட்டு வாழ்த்துவார்கள். மஞ்சள் அரிசியைக் கண்டதும் நம் அட்சதையும், பொரியைக் கண்டதும் நம் பொரியிடலும், கைகளைக் கண்டதும் நம் நலங்கும் நினைவுக்கு வந்தன. நம் அன்னையாரையும் அழைத்தார்கள். அவர்கள் தயங்கினார்கள். வீட்டுக்காரப் பெண்மணி கையைப் பிடித்து அழைத்துச் சென்று இலைக்கொத்தைக் கொடுத்தார். நம் அன்னையாருக்கு மலாய் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டும்’ என்று தமிழிலேயே வாழ்த்திவிட்டு வந்தார்கள். அந்தப் பெண் தலை தாழ்த்தி ஏற்றுக்கொண்டாள்.

சமயச் சடங்கான ‘நிக்காஹ்’ மிகச் சுருக்கமானது. பெண்ணின் தந்தையோ, அவர் சார்பில் காஜியோ மணமகனின் கையைப் பற்றி, இன்ன மஹருக்கு இப்பெண்ணை உனக்கு மணம் செய்து தருகிறேன் என்பார். மணமகன் தடுமாறாமல், ஒரே மூச்சில், ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். சாட்சிகள் இருவர் தலையசைத்து ஒப்ப வேண்டும். தடுமாறினால் மறுபடியும் சொல்லச் செய்வார்கள். அதன்பின் மணமகன் மோதிரம் அணிவிப்பான். மணமகள் அவன் கையை முத்தமிடுவாள். மணம் முடிந்தது. அரைமணி நேரத்துக்கு உட்பட்ட காரியம்!

ஒரு நாள் அரசர்

ஆனால் ஊரார் கண்ணுக்குத் திருமணம் என்பது ‘பெர்சண்டிங்’ தான். மணமக்கள் மேடையில் ஒருங்கே வீற்றிருத்தல். அன்று அவர்களுக்கு ‘ராஜா செஹாரி’ என்று பெயர். ஒரு நாள் அரசர். மணமகன் சரிகை நெய்த சொங்கெட் ஆடை உடுத்தி, தலைப்பாகை அணிந்து, இடையில் கிரிஸ் என்னும் வளைந்த குறுவாள் செருகி வருவான். கையில் ஏந்தும் கொம்பாங் பறைகளை முழக்கிக்கொண்டு இளைஞர்கள் முன்னே செல்வார்கள். தென்னம்பாளையின் வடிவில் வண்ணக் காகிதம் சுற்றிய ஈர்க்குகளைக் கோல்களில் கட்டி இருபுறமும் ஏந்தி வருவார்கள். நாம் வாழையும் தென்னங்குருத்தும் கட்டுவதை ஒத்தது இது. வாயிலில் பெண் வீட்டார் மறித்து நின்று சுங்கம் கேட்பார்கள். சில்லறை கொடுத்து, சிரிப்பும் கேலியுமாகப் பேரம் பேசி, ‘அரசர்’ உள்ளே செல்ல வேண்டும்.

மேடையில் இருவரும் சிரிக்காமல், பேசாமல், பார்வையைத் தாழ்த்தி அமர்ந்திருப்பது முறை. விருந்தினர் முன்னே சென்று வாழ்த்துவர். திரும்பும்போது ஒவ்வொருவர்க்கும் அவித்த முட்டை ஒன்று, காகிதப் பூவுடன் சேர்த்துத் தருவது பழைய வழக்கம். பிள்ளைப் பேற்றின் அடையாளம். நாம் தாம்பூலப் பையில் தேங்காய் வைப்பது போல. முட்டைக்குப் பதிலாக இனிப்பு தருவதும் இப்போது உண்டு. மேடையில் அமரும் இவ்வழக்கம் இஸ்லாத்துக்கு முந்திய, இந்தியத் தொடர்பால் வந்தது என்று கருதும் சமய அறிஞர்கள் அங்கே உளர். ஆகவே அதைச் சமயச் சடங்காகக் கொள்ளாமல் ஊர் வழக்கமாக மட்டுமே பலர் கொள்கின்றனர்.

வெங்காயம் உரித்த இரவு

ஆனால் நம் நெஞ்சில் பதிந்தது மேடை அன்று. அதற்கு முந்திய நாள் மாலைதான். மணவீட்டின் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சமையற்கொட்டகை ஒன்று அமைத்திருந்தார்கள். ‘காவா’ எனப்படும் பெரிய இரும்புக் கொப்பரைகள் வரிசையாக அடுப்பில் ஏறியிருந்தன. கம்பத்தின் எல்லா வீடுகளிலிருந்தும் ஆண்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். வரும்போதே தத்தம் கத்தியையும் கொண்டு வந்தார்கள். இவ்வாறு ஊர் கூடி உழைப்பதை ‘ரெவாங்’ என்கிறார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. இறைச்சி நறுக்குவோர் ஒருபுறம். தேங்காய் துருவுவோர் ஒருபுறம். பாத்திரம் கழுவுவோர் ஒருபுறம். கூலி என்னும் பேச்சே இல்லை. இன்று உன் வீட்டில் நான். நாளை என் வீட்டில் நீ. அவ்வளவே கணக்கு.

நாம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர், எல்லோரும் ‘மக்சிக்’ என்று அழைத்தவர், ஒரு சிறு கத்தியையும் ஒரு முறம் வெங்காயத்தையும் நம் முன்னே வைத்துவிட்டுப் போனார். நாம் விருந்தினர் என்றோ, வெளிநாட்டார் என்றோ, வேற்றுச் சமயத்தார் என்றோ அவர் எண்ணவில்லை. வெறுங்கையாக நிற்கும் ஓர் ஆள் என்று மட்டும் எண்ணினார். இரவு பதினொரு மணி வரை வெங்காயம் உரித்தோம். கண்ணீர் வழிந்தது. வெங்காயம் மட்டும் காரணமன்று. நம் தந்தையார் ஊரில் அத்தையின் கலியாணத்தின்போது, பங்காளிகள் இரவெல்லாம் விழித்திருந்து காய் நறுக்கியதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்த நினைவு வந்துவிட்டது. பெங்களூருக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் எவர் வீட்டுக் கலியாணத்துக்கும் நாம் ஒரு காய் நறுக்கியதில்லை. மொய் உறை கொடுத்தோம், சாப்பிட்டோம், வந்துவிட்டோம்.

நம் பக்கத்தில் மணமகனின் தம்பி அமர்ந்திருந்தான். அவனும் ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும் பேச்சு வளர்ந்தது; பெரியப்பாவின் மகன் மொழிபெயர்த்தார். ‘உங்கள் வழக்கம் எவ்வளவு நல்லது! பெண் வீட்டாருக்குச் சுமையே இல்லை’ என்றோம். அவன் சிரித்தான். ‘சுமை இல்லாமல் இல்லை அண்ணா. அது எங்கள் தோளில் இருக்கிறது. பெண் படித்தவளாக இருந்தால் ஹந்தாரான் பணம் கூடும். பட்டதாரி என்றால் இன்னும் கூடும். என் அண்ணன் கடன் வாங்கித்தான் கொடுத்தான். நான் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்றான். ஆயிரக்கணக்கான வெள்ளி சேரும்வரை மணத்தைத் தள்ளிப்போடும் இளைஞர்கள் அந்நாட்டில் பலர் என்றும், இது குறித்து அங்கேயும் கண்டனக் குரல்கள் எழுகின்றன என்றும் அறிந்தோம். நகரங்களில் ரெவாங்கும் குறைந்து, மண்டபமும் சமையல் நிறுவனமும் வந்துவிட்டன. கடன் படிவம் அங்கும் உண்டு. கையெழுத்திடுபவர் மட்டுமே வேறு.

ஆகவே, அவர்களுடையது உயர்ந்தது, நம்முடையது தாழ்ந்தது என்று நாம் எழுத வரவில்லை. மஹர் சிறியதாகவும் வெளிப்படையாகவும் நின்றது, யாரையும் வருத்தவில்லை. அதன் பக்கத்தில் கௌரவத்துக்காக முளைத்த தொகை வளர்ந்து வருத்தத் தொடங்கியது. எந்தப் பக்கம் பணம் சென்றாலும், அண்டை வீட்டைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கத் தொடங்கினால் முடிவு ஒன்றுதான்.

மலாக்காவில் ஒரு கிளை

புலம்பெயர்ந்து வாழும் நாம் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. மலாக்காவில் ‘மலாக்கா செட்டிகள்’ என்னும் சிறு சமூகத்தார் வாழ்கின்றனர். மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில், 15ஆம் நூற்றாண்டளவில், தமிழ்க் கரையிலிருந்து வணிகம் செய்யச் சென்று அந்நாட்டுப் பெண்களை மணந்து தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர். அவர்களுடைய வீட்டு மொழி மலாய். பெண்களின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். ஆனால் வழிபாடு சைவம். 1781ஆம் ஆண்டில் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் போற்றி வருகின்றனர். பொங்கல் கொண்டாடுகின்றனர். தமிழ் பேசத் தெரியாத மணமகன் தமிழ் பேசத் தெரியாத மணமகளுக்குத் தாலி கட்டுகிறான்!

இதில் மகிழ்வதா, வருந்துவதா? நம் அன்னையார் சொன்னது இது: ‘எதை விட்டாலும் கலியாணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் அவர்கள் யாரென்று தெரிகிறது.’ ஒரு குடி வேற்றூரில் கரைந்துபோகாமல் நிற்பதற்குத் திருமணவீடு ஒரு தூண். அத்தூணைக் கடனால் அரித்துவிடக் கூடாது என்பதே நம் கவலை.

திரும்பி வந்தபின்

பெங்களூர் திரும்பியதும் நம் அன்னையாரும் நாமும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கலியாணச் செலவுகளை ஒவ்வொன்றாக எழுதி, அதன் எதிரே ஒரு கேள்வி எழுதினோம்: ‘இதைப் பொருளுக்காக வாங்குகிறோமா, கையில்லாததால் வாங்குகிறோமா?’ அரிசி, பருப்பு, புடவை, தாலி ஆகியவை பொருள். காய் நறுக்குதல், பரிமாறுதல், பந்தல் தோரணம், தாம்பூலப் பை கட்டுதல், வாசற்கோலம், அழைப்பிதழுக்கு முகவரி எழுதுதல், வருவோரை வரவேற்றல் ஆகியவையெல்லாம் கை. சத்திரத்தாரும் சமையல் காண்டிராக்டரும் கொடுத்த கணக்கில் இரண்டாம் வகையே நாம் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஊரில் பங்காளிகள் செய்ததை இங்கே பணம் கொடுத்து வாங்குகிறோம். பங்காளிகள் இல்லாத ஊரில் சங்கமல்லவா பங்காளி?

இதைச் சங்கத்து மகளிர் சிலரிடம் நம் அன்னையார் சொன்னார்கள். வேலூர், தருமபுரி, சேலம் என்று பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்; ஒருவர் முறை மற்றவருக்குத் தெரியாது. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர், ‘நான் சாம்பாருக்குப் பொடி இடித்துத் தருகிறேன் அக்கா’ என்றார். மற்றொருவர் தம் பிள்ளைகளைப் பந்தி பரிமாற அனுப்புவதாகச் சொன்னார். மறுநாள் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் தாமே வந்து, ‘ஒப்பட்டு என் பொறுப்பு, கடையில் வாங்கினால் உங்களோடு பேச மாட்டேன்’ என்று சொல்லிப் போனார். அவர் வருவதைக் கண்டபோது, வெங்காய முறத்தை வைத்துவிட்டுப் போன மக்சிக்தான் நம் நினைவுக்கு வந்தார்.

இன்னொரு காரியமும் செய்தோம். அதுதான் கடினமானது. சங்கத்துப் பெரியவர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு, வெற்றிலை பாக்குடன் பிள்ளை வீட்டுக்குச் சென்றோம். ‘ஒன்றும் கேட்கவில்லை என்றீர்கள்; அதற்கு நன்றி. எங்களால் ஆவது இது, இதற்குமேல் ஆகாது. இதைக் கடனின்றிச் செய்தால் நம் இரு வீடும் நிம்மதியாக இருக்கும். உங்கள் மனத்தில் வேறு ஏதேனும் இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்’ என்று, இருப்பதை இருப்பபடி வைத்தோம். பிள்ளையின் தந்தையார் சற்றுநேரம் பேசவில்லை. வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகக் கூறினார். நம் தங்கை அன்றிரவு சாப்பிடவில்லை. நமக்கும் உறக்கம் வரவில்லை. நியாயத்தைப் பேசப் போய், நிச்சயமான கலியாணத்தைக் கெடுத்தோமோ என்னும் அச்சம் இருந்தது.

எட்டு நாள் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. பெரிய சத்திரம் வேண்டாம், சங்க மண்டபமே போதும் என்றார். சமையலுக்குத் தம் வீட்டுப் பெண்கள் நால்வர் வருவார்கள் என்றார். நகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அது இன்னும் பேச வேண்டிய பேச்சு. தை பிறப்பதற்குள் அதையும் வெற்றிலை பாக்கின் முன்னே வைத்துப் பேசிவிட எண்ணியிருக்கிறோம்.

இழுப்பறையிலிருந்த படிவத்தை எடுத்து, தொகைக் கட்டத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதியிருக்கிறோம். முன்பு மனத்தில் இருந்ததில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். நகைப் பேச்சு முடிந்தபின் மையால் எழுதலாம் என்று வைத்திருக்கிறோம். ஜாமீன் கையெழுத்திட ஒப்புக்கொண்ட இரு நண்பர்களும் அந்த எண்ணைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

இவ்விதழைப் படிக்கும் இல்லங்களில் அடுத்த ஓராண்டுக்குள் திருமணம் நடக்கவிருப்பவை சில இருக்கும். அவர்கள் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பட்டும். யார் வீட்டில் யார் காய் நறுக்குவது, யார் பரிமாறுவது என்று ஒரு ஏடு போட்டு வைப்போம். பணம் எழுதும் மொய் ஏட்டோடு கை எழுதும் ஏடும் ஒன்று இருக்கட்டும். முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வெங்காயம் உரிக்க நமக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நம் தங்கையின் திருமணத்துக்கு முந்திய நாள் மாலை, சங்க மண்டபத்தின் பின்கட்டில் அடுப்பு மூட்டப்படும். நாள் முடிவானதும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் காணலாம். அரிவாள்மனை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் கையோடு வந்தால் போதும்.